கறுத்துப்போன கிளட்ச் எண்ணெய் சொல்லும் சேதி

அப்பா ஓட்டிய கார் அண்ணனுக்கும், அண்ணன் ஓட்டிய கார் பல்கலைக்கழகம் செல்லும் தம்பி தங்கைக்கும் வந்து சேர்வது நம் குடும்பங்களில் இயல்பு. தானியங்கிக் காருக்கு மட்டுமே உரிய ஓட்டுநர் உரிமம் இன்று நம் நாட்டில் உண்டு என்றாலும், இப்படிக் கைமாறி வரும் பழைய கார்களில் பல இன்னமும் கிளட்ச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வகையைச் சேர்ந்தவைதாம்.

அத்தகைய காருக்கு எஞ்சின் எண்ணெயை நேரத்தோடு மாற்றுகிறோம். டயரில் காற்று பார்க்கிறோம். பேட்டரிக்கு நீர் ஊற்றுகிறோம். ஆனால் பொனட்டைத் திறந்தால், ஓட்டுநருக்கு நேர் எதிரே, சுவரை ஒட்டினாற்போல் கைக்கு அடங்கும் சிறு பிளாஸ்டிக் குடுவை ஒன்று இருக்கும். அதன் மூடியைப் பல ஆண்டுகளாக எவரும் திறந்திருக்கமாட்டார்கள். கிளட்ச்சை இயக்கும் திரவம் அதில்தான் இருக்கிறது. நண்பர்களின் கார்களில் நான் எட்டிப் பார்த்தவரை, பலவற்றில் அது கன்னங்கரேலென்று கிடக்கிறது.

அது ஏன் கறுக்கிறது? கறுத்தால் என்ன கெடும்? நாமே மாற்ற முடியுமா? மாற்றிய பிறகும் கறுத்தால் அதற்கு என்ன பொருள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் இக்கட்டுரையில் விடை சொல்ல முயல்கிறேன். தொழில்நுட்பம் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும் செய்திதான் இது.

உங்கள் காரில் அது இருக்கிறதா?

எல்லாக் கார்களிலும் இந்தத் திரவம் இருக்காது. பெரோடுவா கஞ்சில், முதல் தலைமுறை புரோட்டோன் சாகா போன்றவற்றில் கிளட்ச் பெடலை ஓர் இரும்புக் கேபிள் நேரடியாக இழுக்கிறது. அங்கே திரவத்துக்கு வேலையில்லை. கேபிள் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

1990-களின் ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா போன்ற கார்களில் கேபிளுக்குப் பதிலாகத் திரவம் வேலை செய்கிறது. பொனட்டுக்குள் பிரேக் குடுவைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு குடுவை இருந்தால் உங்கள் காரும் இவ்வகையே. சில கார்களில், குறிப்பாக ஐரோப்பியக் கார்களில், பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே குடுவைதான். அப்படியானால் திரவத்தின் தூய்மை கிளட்ச்சோடு நிற்கும் விஷயமன்று, பிரேக்கையும் சேர்ந்தது.

பாஸ்கல் செய்த வேலை

எஸ்.பி.எம். இயற்பியலில் படித்த பாஸ்கல் கோட்பாட்டைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிளேஸ் பாஸ்கல் (1623-1662) என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டது இது: அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும்.

கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் என்ற உருளைக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே கீழே கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், அங்குள்ள பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. அது ஒரு நெம்புகோலை அசைக்க, கிளட்ச் தட்டு எஞ்சினிலிருந்து விடுபடுகிறது. நம் பட்டறைகளில் இவ்விரண்டையும் மேல் பம்ப், கீழ் பம்ப் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

கீழ்ப் பிஸ்டனின் பரப்பு மேல்ப் பிஸ்டனைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கீழே கிடைக்கும் விசையும் ஒன்றரை மடங்காகும். ஆனால் பிஸ்டன் நகரும் தூரம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஆக, கீழே நடக்கும் அசைவு மிகச் சிறியது. அதில் கொஞ்சம் குறைந்தாலும் கிளட்ச் முழுமையாக விடுபடாது. திரவம் கசிந்தாலோ அதில் காற்றுக் குமிழி புகுந்தாலோ உடனே வித்தியாசம் தெரிவது இதனால்தான். திரவம் அமுங்காது, காற்று அமுங்கிவிடும்.

எண்ணெய் அல்லாத எண்ணெய்

மொழிக் கழக இதழ் என்பதால் ஒரு சொல்லாராய்ச்சி. எள் + நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. பிறகு தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என அச்சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. பிரேக், கிளட்ச் திரவத்தையும் நாம் எண்ணெய் என்கிறோம். மலாய்மொழியிலும் மிஞாக் என்றே சொல்கிறார்கள். பேச்சுக்கு அது சரி. பொருளுக்குச் சரியன்று.

கிளட்ச்சுக்கு ஊற்றுவது பிரேக்குக்கு ஊற்றும் அதே திரவம்தான். புட்டியில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். இத்திரவம் கிளைகோல் வகை வேதிப்பொருளால் ஆனது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் எண்ணெய் அன்று. எண்ணெய் நீரோடு சேராது. இதுவோ நீரோடு நன்றாகக் கலந்துவிடும்.

இந்தச் சொல் குழப்பத்துக்கு விலை உண்டு. எண்ணெய்தானே என்று குடுவையில் எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயையோ ஊற்றினால், பம்புக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பி, மென்மையாகி, பயனற்றுப் போகும். பிறகு இரண்டு பம்புகளோடு ரப்பர்க் குழாயையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே இனி இக்கட்டுரையில் திரவம் என்றே எழுதுகிறேன்.

டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம். உங்கள் குடுவையின் மூடியில் எது பொறிக்கப்பட்டுள்ளதோ அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிகோனால் ஆன வேறு பொருள். எண் பெரிது என்பதால் மேலானது என்று எண்ணி அதை ஊற்றிவிடக் கூடாது.

ஏன் கறுக்கிறது?

முதல் காரணம் ரப்பர். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பம்புக்குள் ரப்பர் சீல்கள் உருளையின் சுவரோடு உரசுகின்றன. கோலாலம்பூர் மாலை நேர நெரிசலில் ஒரே பயணத்தில் எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தேய்ந்த ரப்பர் நுண்துகளாகத் திரவத்தில் கலக்கிறது. கறுப்பு நிறத்தின் பெரும்பகுதி இதுதான்.

இரண்டாவது, நீர். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் நம் நாட்டில் அதற்குக் குறைவே இல்லை. மூடியின் துளை வழியாகவும், ரப்பர்க் குழாய் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே போகிறது. ஈரம் சேர்ந்தால் உருளையின் உட்சுவர் அரிக்கும். அரித்த சுவர் சொரசொரப்பாகும். அது ரப்பரை மேலும் சுரண்டும். கறுப்பு கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவது காரணம் அமைப்பைச் சேர்ந்தது. எஞ்சின் எண்ணெய் சுற்றிச் சுற்றி ஓடி வடிகட்டி வழியே வருகிறது. கிளட்ச் திரவம் சுற்றுவதில்லை. மிதித்தால் சிறிது முன்னே போகும். விட்டால் அதே அளவு பின்னே வரும். வடிகட்டியும் கிடையாது. குழாயின் கடைசியில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் பம்ப்தான் குப்பைக் குழி. அழுக்கெல்லாம் அங்கே தங்கிவிடும். மேலே குடுவையில் நாம் பார்ப்பது அதன் சாயல்தான்.

ஈரத்தின் இன்னொரு விளைவு கொதிநிலை. புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்குகிறது. டாட் 4-க்கு இவ்வெண்கள் 230, 155. மலையிறக்கத்தில் சூடேறும் பிரேக்குக்கு இது உயிர்ப் பிரச்சினை. கிளட்ச்சில் அவ்வளவு சூடு ஏறாது. அங்கே நீர் செய்யும் பெரிய கேடு அரிப்புதான்.

தே-ஓ நிறமும் கோப்பி-ஓ நிறமும்

புதிய திரவம் ஏறக்குறைய நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், குடுவையில் இருப்பது தண்ணீர் கூடிய தே-ஓ போலிருந்தால் கவலையில்லை. கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கோப்பி-ஓ போலிருந்தால் காலம் கடந்துவிட்டது. அடியில் சேறும் படிந்திருக்கும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நீருக்கு நிறமில்லை அல்லவா? வெளுப்பாகத் தெரியும் திரவமும் ஈரம் குடித்ததாக இருக்கலாம். எனவே காலத்தையும் கணக்கில் வையுங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பது பல கார்க் கையேடுகளில் காணும் அளவு. உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது கிளட்ச் தட்டு, எது திரவம்?

மாணவர்களின் பணப்பைக்கு மிக முக்கியமான பகுதி இது. கிளட்ச்சில் கோளாறு என்றவுடன் கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலியும் பொருளும் சேர்ந்தால் பெரிய செலவு. ஆனால் இரண்டு நோய்களின் அறிகுறிகளும் வேறுவேறு.

தட்டு தேய்ந்திருந்தால் கிளட்ச் சரியாகப் பிடிக்காது. எண்ணெயை மிதித்தால் எஞ்சின் அலறும். காரின் வேகமோ அதற்கேற்ப ஏறாது. ஏற்றத்தில் இது நன்றாகத் தெரியும். கருகிய வாடையும் வரலாம். இதற்குத் திரவத்தை மாற்றிப் பயனில்லை.

திரவத்திலோ பம்பிலோ கோளாறு என்றால் கிளட்ச் சரியாக விடுபடாது. நின்ற நிலையில் முதல் கியர் விழ மறுக்கும்; ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும்; பெடல் பஞ்சுபோல் இருக்கும்; தரையை ஒட்டி மிதித்தால்தான் கியர் மாறும். இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாவதும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தளர்வதும் பம்புக் கோளாற்றின் தெளிவான அடையாளங்கள்.

சில மாதங்களுக்கு முன் நம் கழகத் தம்பி ஒருவர் அழைத்தார். “அண்ணா, ரிவர்ஸ் கியர் விழவே மாட்டேங்குது. பட்டறையில கிளட்ச் செட்டையே மாத்தணும்னு சொல்றாங்க” என்றார்.

“ஏத்தத்துல எஞ்சின் மட்டும் அலறுதாப்பா?”

“இல்லண்ணா. ஓடும்போது நல்லாத்தான் ஓடுது.”

“பொனட்டைத் திறந்து அந்தக் குடுவையைப் பாரு.”

“கோப்பி-ஓ மாதிரி இருக்குண்ணா. பாதிதான் இருக்கு.”

அன்று மாலை கீழ் பம்பின் தூசி உறையை விலக்கிப் பார்த்தபோது கறுப்புத் திரவம் சொட்டியது. பம்பை மாற்றி, புதுத் திரவம் ஊற்றி, காற்றை எடுத்தோம். கியர் வழக்கம்போல் விழுந்தது. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய தேவையே எழவில்லை.

மாற்றும் முறை

குடுவையில் உள்ளதை மட்டும் ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவது சிலரின் வழக்கம். ஒன்றும் செய்யாததற்கு அது மேல். ஆனால் அழுக்கு தங்குவது கீழ் பம்பில் என்று பார்த்தோம். திரவம் சுற்றாத அமைப்பில் மேலே ஊற்றியது கீழே போய்ச் சேராது. கீழே திறந்து வெளியேற்றுவதே முறையான வழி. அதற்கு இருவர் வேண்டும்.

தேவையானவை: சீல் உடைக்காத திரவப் புட்டி ஒன்று, கீழ் பம்பின் காற்றுத் திருகுக்கு ஏற்ற ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), உள்ளே தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், காலிப் போத்தல், ஊசிக்குழல், துணி, ஒரு வாளித் தண்ணீர், கையுறை.

1. காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். பல முன்சக்கர இயக்கக் கார்களில் கீழ் பம்ப் மேலிருந்தே கைக்கு எட்டும். காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் முறையான தாங்கிகளை வையுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

2. குடுவையின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து, உட்புறத்தைத் துடைத்து, மேல்கோடு வரை புதிதாக ஊற்றுங்கள்.

3. கீழ் பம்பின் காற்றுத் திருகில் குழாயைச் செருகி, மறுமுனையைக் காலிப் போத்தலில் சிறிது புதுத் திரவம் ஊற்றி அதில் அமிழ்த்தி வையுங்கள்.

4. ஒருவர் பெடலை மெதுவாகத் தரைவரை மிதித்து, “மிதிச்சாச்சு” என்று சொல்லி அப்படியே பிடித்திருக்க வேண்டும். மற்றவர் திருகைக் கால் சுற்று திறந்தால் கறுப்புத் திரவம் குழாயில் ஓடும். ஓட்டம் நின்றதும் திருகை மூடிவிட்டு, “விடு” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே பெடலை விடலாம். திருகு திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். இந்த முறையில் கவனம் முழுவதும் வேண்டிய இடம் இதுதான். பெடல் தானாக எழாவிட்டால் கையால் தூக்கிவிடலாம்.

5. ஐந்தாறு முறைக்கு ஒருதரம் குடுவையைப் பார்த்து நிரப்புங்கள். அது காலியானால் மேலிருந்தும் காற்று போகும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

6. குழாயில் குமிழியின்றித் தெளிந்த திரவம் வரும்வரை தொடருங்கள். பிறகு திருகை அளவாக முடுக்கி, அதன் ரப்பர் மூடியைப் போட்டு, குடுவையை மேல்கோடு வரை நிரப்பி மூடுங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் அந்தச் சிறு திருகு முறிந்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள். இத்திரவம் காரின் சாயத்தை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். நீரோடு கலக்கும் இயல்பு இங்கே நமக்கு உதவுகிறது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வடித்த திரவத்தைக் கால்வாயில் ஊற்றாமல், கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். திறந்து மீந்த புட்டியை அடுத்த முறைக்கென்று எடுத்து வைப்பதும் வீண். அதற்குள் அது ஈரம் குடித்திருக்கும்.

மறுபடியும் கறுத்தால்

மாற்றிய தேதியை ஒரு தாளில் எழுதிக் கையேட்டுக்குள் வையுங்கள். அந்தத் தேதிதான் பின்னர் உங்களுக்குச் சாட்சி. ஓராண்டு, ஒன்றரையாண்டு கழித்து மெல்ல நிறம் மாறினால் அது வயது. ஓரிரு வாரங்களில் கொஞ்சம் மங்கினால், மூலைகளில் ஒட்டியிருந்த பழைய அழுக்கு கலந்திருக்கும். இன்னொரு முறை வெளியேற்றிப் பாருங்கள். அதன் பிறகும் விரைவில் கோப்பி-ஓ ஆகிவிட்டால், உள்ளே ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். திரவத்தை எத்தனை முறை மாற்றினாலும் அந்த நோய் தீராது.

அப்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கீழ் பம்பின் தூசி உறைக்குள் ஈரம். மற்றது, கிளட்ச் பெடலின் மேற்பகுதியும் அதன் கீழுள்ள தரைவிரிப்பும். அங்கே ஈரம் இருந்தால் மேல் பம்ப் கசிகிறது. உருளைச் சுவர் வழுவழுப்பாக இருந்தால் ரப்பர் சீல்களை மட்டும் மாற்றினால் போதும். அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் புது ரப்பரும் நிலைக்காது. பம்பையே மாற்றுவதுதான் சிக்கனம். ஒரு பம்ப் போய்விட்டால் மற்றதற்கும் அதே வயதுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளியே கசிவே இல்லாமலும் மேல் பம்ப் கெடலாம். உள்ளே சீல் தேய்ந்து, திரவம் அதைத் தாண்டித் திரும்பிவிடும். குடுவையில் அளவு குறையாது. ஆனால் பெடலை மிதித்துப் பிடித்திருக்கையிலேயே கியரில் நிற்கும் கார் மெல்ல ஊரத் தொடங்கும்.

வழியில் கைவிட்டால்

சாலைச் சந்திப்பில் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றம் வேண்டாம். பெரும்பாலான கார்களில் பிரேக் தனி அமைப்பு. அது வேலை செய்யும். பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலுக்கு இழுங்கள். வரவில்லையென்றால் காரை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். பெடலைக் காலால் தூக்கிச் சில முறை வேகமாக மிதித்துப் பாருங்கள். பாதுகாப்பான ஓரத்துக்குப் போகுமளவுக்கு அழுத்தம் திரும்பக் கூடும். நெடுஞ்சாலையில் என்றால் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள். அன்றைக்கு ஓட்டி முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இந்த நிலை பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. குடுவையில் நிறம் மாறி, அளவு குறைந்து, பெடல் தளர்ந்து, ரிவர்ஸ் கரகரத்து, இத்தனை முறை சொல்லிய பிறகே கிளட்ச் நம்மைக் கைவிடுகிறது. புதிய திரவப் புட்டியின் விலை, நண்பர்கள் சிலர் சேர்ந்து நாசி கண்டார் சாப்பிடும் செலவைத் தாண்டாது. வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நெடுந்தூரம் ஊர் திரும்புமுன், எஞ்சின் எண்ணெயைப் பார்க்கும் அதே கையோடு அந்தச் சிறு குடுவையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் விரைவில் கறுத்தால், பம்பைப் பாருங்கள்.